பாதீடு: இல்லத்து வரவு செலவுத் திட்டம் பற்றிய ஓர் ஆராய்வு

இலங்கையின் அரச ஆவணங்களிலும் பாராளுமன்ற உரைகளிலும் வரவு செலவுத் திட்டத்தைக் குறிக்க இன்று ‘பாதீடு’ என்னும் சொல் வழங்கிவருகின்றது. இதனைக் கேட்போருட் பலர், அண்மையில் ஆக்கப்பட்ட கலைச்சொல் ஒன்றென்றே கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. தொல்காப்பியப் புறத்திணையியலிலே வெட்சித் திணைக்குரிய துறைகளுள் ஒன்றாக அமைந்த பழஞ்சொல் அது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வந்த மறவர், அந்நிரையைத் தம்முட் பகுத்துக் கொடுத்தலே பாதீடு எனப்படும். வாளேந்திப் போரிட்டோர்க்கு மட்டுமன்றி, ஒற்றறிந்து வந்தோர்க்கும், நிமித்தம் பார்த்துக் கூறினோர்க்கும் அதிற் பங்குண்டு என்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை விளக்கும். துறைகளின் வரிசையும் நோக்கத்தக்கது. நிரை ஊர் வந்து சேர்கின்றது, பின்னர்ப் பாதீடு, அதன் பின்னரே உண்டாட்டு, அதற்கும் பின்னர்க் கொடை. பங்கிட்ட பின்பே உண்ணுதலும் ஈதலும் நிகழ்ந்தன.

இல்லத்து வரவு செலவுத் திட்டம் பற்றி இக்கட்டுரை கூற விழைவது இவ்வரிசையினுள்ளே அடங்கியிருக்கின்றது. நம்மிற் பெரும்பாலோர் முதலில் உண்டாட்டை நடத்திவிட்டு, எஞ்சியதைப் பாதீடு செய்ய முயல்கின்றோம். எஞ்சுவது எதுவுமில்லாதபோது, திட்டமிட்டுப் பயனில்லை என்று திட்டத்தின்மீதே குறை கூறுகின்றோம். செலவு செய்த பின் எழுதுவது கணக்கு. செலவுக்கு முன், வீட்டார் யாவரும் அறியப் பங்கிடுவதே பாதீடு. கணக்கு வேண்டா என்பதன்று. கணக்குப் பாதீட்டுக்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகாது.

மூன்று நாட்காட்டிகள்

பங்கிடுவதற்கு முன், பங்கிடப்படும் பொருள் எவ்வளவு, அது எப்போது வரும் என்பன தெரிதல் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த இம்மாவட்டத்திலே வருவாய் மூன்று வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றி வருகின்றது.

முதலாவது கடலின் நாட்காட்டி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கீழ்க்கரைக் கடல் அடங்கியிருக்கும். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய ஊர்களிலே கரைவலை இழுப்போரும் சிறுதோணியிற் செல்வோரும் கைநிறைய உழைக்கும் காலம் அது. கார்த்திகையில் மாரியும் வாடைக்காற்றும் வலுக்கும்போது தோணி கரையேறும். வருவாயும் அதனோடு கரையேறிவிடும். இரண்டாவது வயலின் நாட்காட்டி. தம்பலகாமம், கந்தளாய் ஆகிய இடங்களின் உழவர், மாரி மழையை ஒட்டி விதைத்த பெரும்போகத்தை மாசி, பங்குனி மாதங்களில் அறுப்பர். சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. ஆண்டில் இரண்டு தடவையே அவர்கள் கையிற் பெரும்பணம் புரளும். மூன்றாவது சம்பளத்தின் நாட்காட்டி. ஆசிரியர், எழுதுவினைஞர், துறைமுக ஊழியர், சீனன்குடா மா ஆலையிலும் அயலிலுள்ள சீமெந்து ஆலையிலும் பணிபுரிவோர் ஆகியோர்க்கு மாதந்தோறும் ஒரே அளவான தொகை வருகின்றது.

மாதச் சம்பளம் இவ்வூரிலே பெருவழக்காவதற்குப் பிரித்தானியரின் கடற்படைத் தளம் ஒரு முக்கிய காரணமாயிருந்தது. 1957ஆம் ஆண்டு அத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மாத வருவாயும் நிலையாமைக்கு உட்பட்டதே என்பதை, அத்தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அன்று கண்டறிந்தன.

வீட்டுத் திட்டம் பற்றிய நூல்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் மூன்றாம் நாட்காட்டியை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. ஆதலின் கடலையும் வயலையும் நம்பி வாழ்வோர் அவை தமக்கல்ல என்று ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் திட்டம் மிகுதியும் வேண்டப்படுவது அவர்க்கே. ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒரு மீனவர் குடும்பத்துக்கு எட்டு மாதங்களில் மாதம் 60,000 ரூபாவும், ஏனைய நான்கு மாதங்களில் மாதம் 15,000 ரூபாவும் கிடைப்பதாகக் கொள்வோம். ஆண்டு வருவாய் 4,80,000 உடன் 60,000 சேர்ந்து 5,40,000 ரூபா. இதனைப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதத்துக்கு 45,000 ரூபா வரும். அக்குடும்பத்தின் உண்மையான மாத வருவாய் இதுவே, 60,000 அன்று. நல்ல மாதங்கள் எட்டிலும் மாதம் 15,000 ரூபாவை ஒதுக்கினால் 1,20,000 ரூபா சேரும். மாரி மாதங்கள் நான்கிலும் மாதம் 30,000 ரூபா குறைகின்றது. அக்குறையும் 1,20,000 ரூபாவே. நல்ல மாதத்திலே 60,000 ரூபாவையும் தனதென்று எண்ணிச் செலவிடும் குடும்பம், மாரியிலே கடன்காரனின் வாசலை நாட வேண்டியதாகின்றது.

சம்பளக்காரர் இதனைப் படித்துத் தம்மை மெச்சிக்கொள்ளுதல் தகாது. அவர்க்கு வரவு மாதத்துக்குரியது, செலவோ அவ்வாறன்று. தை மாதத்திலே பொங்கலும் பிள்ளைகளின் புதிய வகுப்பும் ஒருங்கே வருகின்றன. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருவனவாயினும், கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, பிரயாணச் செலவு என்பன வீட்டைச் சார்ந்தனவே. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, மாரிக்கு முன் கூரை திருத்தல், உறவினர் வீட்டு நன்மை தீமைகள் ஆகியனவும் உள. ஒரு குடும்பத்துக்குப் பள்ளிச் செலவு 24,000, பொங்கலும் புத்தாண்டும் 18,000, தீபாவளி 15,000, கூரை 20,000, நன்மை தீமை 19,000 எனக் கொண்டால், கூட்டுத்தொகை 96,000 ரூபா. மாதத்துக்கு 8,000 ரூபா ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இவற்றுள் ஒன்றேனும் எதிர்பாராத செலவு அன்று. ஆண்டுதோறும் வருகின்ற தீபாவளியை ‘திடீர்ச் செலவு’ என்று நாம் அழைப்பது விந்தையே. ஆகவே திட்டத்தின் முதற்பக்கம் மாதத்துக்குரியதாயிராது, ஆண்டுக்குரியதாயிருத்தல் வேண்டும்.

எங்கெலின் விதியும் 2022ஆம் ஆண்டும்

வருவாயை அறிந்தபின், அதில் எப்பகுதி எதற்குச் செல்கின்றது என்பதை அறிதல் வேண்டும். இத்துறையில் முதன்மையாகக் கூறத்தக்கவர் ஜேர்மனியப் புள்ளிவிபர அறிஞர் ஏர்ண்ஸ்ட் எங்கெல். (பொதுவுடைமைத் தத்துவம் எழுதிய ஏங்கெல்ஸ் வேறொருவர்.) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு விபரங்களை ஆராய்ந்த இவர், 1857இல் ஓர் உண்மையை வெளியிட்டார். குடும்பம் வறியதாகும் அளவுக்கு, அதன் மொத்தச் செலவில் உணவுக்குச் செல்லும் பங்கு பெரிதாகும் என்பதே அது. செல்வர் உணவுக்குக் கூடிய தொகை செலவிடலாம். ஆயின் அவர் செலவில் அது சிறு பங்கே.

இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான, செலவின ஆய்விலே, சராசரி மாத வருமானம் 76,414 ரூபா எனக் காணப்பட்டது. ஆயின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தை நோக்கின், அதன் வருமானம் 53,333 ரூபாவே. நாட்டுக் குடும்பங்களிற் பாதி இத்தொகைக்கும் கீழேயே வாழ்ந்தன. மொத்தச் செலவில் உணவின் பங்கு சராசரியாக நூற்றுக்கு 35.

இவ்வெண்களை வைத்துக்கொண்டு 2022ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுவின் விலை, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்து நின்றது. உணவு விலை மட்டும் நூற்றுக்கு 94.9 உயர்ந்தது.

நூறு ரூபாவில் 35ஐ உணவுக்குச் செலவிட்ட குடும்பம், அதே உணவை வாங்க இப்போது 68 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. மற்றெல்லாவற்றுக்கும் எஞ்சியது 32. பாதியை உணவுக்குச் செலவிட்ட வறிய குடும்பத்துக்கோ 50 ரூபா 97 ரூபாவாயிற்று. எஞ்சியது மூன்று ரூபா. விலையேற்றம் ஒன்றே, ஒரு வீட்டில் அது நெருக்கடி, மற்றொரு வீட்டிற் பட்டினி. எங்கெல் கண்ட விதியின் கொடிய பக்கம் இது.

இத்தகைய அதிர்ச்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1953இல் அரசு உதவித்தொகையைக் குறைத்தபோது, கூப்பன் அரிசி கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் தேதி நிகழ்ந்த ஹர்த்தாலும், பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலும் அதன் விளைவுகள். நாட்டின் திட்டத்திலே ஒரு வரி மாறும்போது, அடுக்களைகளின் திட்டம் அனைத்தும் மாறிவிடுகின்றது.

எவரும் தீர்மானியாத ஒரு வெட்டு

இவ்விடத்திலே எமது வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். பல ஆண்டுகளாக ஒரு கொப்பியிலே வீட்டுச் செலவை எழுதிவரும் வழக்கம் எம்மிடம் உண்டு. கணக்கு வைப்பதால் திட்டமும் வைத்திருக்கின்றோம் என்ற ஒரு பெருமிதமும் இருந்தது. 2022 ஜூன் மாத முடிவிலே கொப்பியைப் புரட்டியபோது ஒன்று கண்ணிற்பட்டது. மார்ச் மாதத்தில் வீட்டுக்கு 32 கிலோ அரிசி வாங்கப்பட்டிருந்தது. ஜூனில் 24 கிலோ. வீட்டில் ஐவர், எவரும் வெளியூர் செல்லவில்லை. அரிசியைக் குறைக்க வேண்டும் என்று நாம் எவரும் பேசியதுமில்லை.

மனைவியாரை வினவியபோது அவர் விடை கூறாது அடுப்பைப் பார்த்தார். தாயாரை வினவினோம். “இரவில் எனக்குப் பசியில்லை, தம்பி” என்றார். மே மாதந் தொடக்கம் இருவரும் இரவிலே கஞ்சி மட்டுமே அருந்தி வந்தனர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளின் கோப்பையிலும் எமது கோப்பையிலும் குறைவிருக்கவில்லை. ஆதலின் நாம் அறியவில்லை. அதே மாதத்திலே, முன் விறாந்தையைக் கட்டுவதற்கு எடுத்த வங்கிக் கடனின் தவணை 9,500 ரூபாவை ஒரு நாளும் பிந்தாது கட்டியிருந்தோம். கொப்பியிலே அவ்விரு வரிகளும் ஒரே பக்கத்தில் இருந்தன. விறாந்தைக்கு முழுப் பங்கும் கிடைத்திருந்தது. எம்மைப் பெற்றவருக்குக் கிடைக்கவில்லை.

பங்கிடாத வீட்டிலும் பங்கீடு நடைபெறவே செய்கின்றது என்பதை அன்று உணர்ந்தோம். ஆயின் அது பேச்சின்றி, இருளிலே, அடுப்படியில் நிற்பவரின் பங்கைக் குறைத்து நடைபெறுகின்றது. ஒற்றறிந்தவனுக்கும் பங்களித்த பழந்தமிழ் மறவரின் பாதீட்டிலே, சோறு சமைத்தவருக்குப் பங்கில்லாத நிலை இல்லை. மறுநாள் மாலை ஐவரும் ஒருங்கிருந்தோம். வங்கிக்குச் சென்று தவணைக் காலத்தை நீட்டும்படி கேட்பதென்றும், மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திப் பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்வதென்றும் முடிவாயிற்று. தவணை 5,500 ரூபாவாகக் குறைந்தது. மீந்த 4,000 ரூபாவின் பெரும்பகுதி அரிசிக்கும் முட்டைக்கும் சென்றது. அந்த முடிவுகளுள் அரிதானது ஒன்றுமில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே செய்திருக்கக் கூடியவையே. யாவரும் இருந்து பேசாமையே தடையாயிருந்தது.

பங்கிடும் ஒழுங்கு

அந்த மாலையிலிருந்து நாம் கைக்கொண்டுவரும் ஒழுங்கு நான்கு படிகளையுடையது. 

முதற்பங்கு, உயிர் வாழ்தற்கு வேண்டியது: அரிசி, மா, பருப்பு, மீன், மரக்கறி, தேங்காய், மருந்து, விறகு அல்லது எரிவாயு, நீர், மின்சாரம். இதனைத் தொகையாக மட்டுமன்றி, கிலோக் கணக்கிலும் எழுதுதல் நன்று. தொகை மாறாதிருக்க, அளவு குறையலாம். அளவை எழுதினாலே அக்குறை வெளிப்படும். இரண்டாம் பங்கு, முற்கூறிய ஆண்டுச் செலவின் பன்னிரண்டில் ஒன்று. மூன்றாம் பங்கு, கடன் தவணைகள். நான்காம் பங்கு, எதிர்பாராதவற்றுக்கான ஒதுக்கம். சிறிதாயினும் இது வெறுமையாயிருத்தலாகாது. இவை நான்கும் ஒதுக்கிய பின்பு எஞ்சுவதே விருப்பச் செலவுக்குரியது. அதிலும் வீட்டார் ஒவ்வொருவர்க்கும், கணக்குக் கேளாத ஒரு சிறு தொகை இருத்தல் வேண்டும். அஃதில்லாத திட்டம் சிறைபோலாகி, மறைவான செலவுக்கு இடங்கொடுக்கும்.

நம் முன்னோர் வீடுகளில் இருந்த பிடியரிசி வழக்கமும் இவ்வொழுங்கையே காட்டுகின்றது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவர். ஒரு பிடி 50 கிராம் எனக் கொண்டால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சேரும். சமைத்து உண்டபின் மிஞ்சியதைச் சேர்ப்பதன்று அது. உலைக்கு முன்பே எடுப்பது. சேமிப்பின் இரகசியம் முழுவதும் அவ்வொரு செயலில் அடங்கியுள்ளது. வருவாய் குறுகியதாயினும், செலவு அதனைக் கடவாதவரை அழிவில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. வரவறிந்து வாழ்தலை அவர் சிக்கனமென்று மட்டும் கொள்ளாது, வலிமையாகவே கண்டார்.

கடனைப் பற்றிய எச்சரிக்கை

மூன்றாம் பங்காகிய கடனைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். திட்டம் குலைவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம். கடைக் கொப்பி, நகை அடகு, சீட்டு என்பன நாம் நெடுங்காலம் அறிந்தவை. இவற்றோடு, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெருகியது. வாசலுக்கே வந்து தரப்படும் கடன். வாரந்தோறும் வாசலுக்கே வந்து பெறப்படும் தவணை. 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. இத்துன்பத்தின் அளவை அதுவே காட்டும்.

இத்தகைய கடன்களிலே வட்டியைக் கூறும் முறை மயக்கந் தருவது. 60,000 ரூபாவை ஓராண்டுக்கு, ‘மாதம் நூற்றுக்கு இரண்டு’ என்னும் நிலைவட்டியில் ஒருவர் பெறுவதாகக் கொள்வோம். மாத வட்டி 1,200, ஆண்டுக்கு 14,400. முதலும் வட்டியும் சேர்ந்து மாதத் தவணை 6,200 ரூபா. ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்றே எவரும் எண்ணுவர். ஆயின் 60,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் முதலில் 5,000 ரூபா குறைந்துவர, வட்டியோ முழுத்தொகைக்கே கணிக்கப்படுகின்றது. அவர் கையில் சராசரியாக இருப்பது 32,500 ரூபாவே. அதற்கு 14,400 ரூபா வட்டியெனின், உண்மை வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டுகின்றது. நமது கணித வகுப்புகளிலே தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கின்றோம். மாணவரின் தாயார் கையொப்பமிடும் இவ்வட்டியையும் கற்பித்தல் நம் கடன்.

திட்டத்திலே நிலைத்து நிற்றல்

திட்டம் வகுத்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதில் நிற்றல் ஆண்டு முழுவதற்குமான வேலை. இதற்கு மூன்று பழக்கங்கள் துணைசெய்யும். நாள்தோறும் உறங்குமுன் அன்றைய செலவை எழுதுதல் முதலாவது. ஒரு நாள் தவறினால் நினைவிருக்கும். மூன்று நாள் தவறினால் ஊகமே எழுதப்படும். பங்குகளைத் தாளில் மட்டுமன்றிப் பொருளாகவும் பிரித்து வைத்தல் இரண்டாவது. ஆண்டுச் செலவுக்கான பணம் வேறொரு வங்கிக் கணக்கிலோ, மூடிய முட்டியிலோ இருத்தல் வேண்டும். ஒரே பையிலிருக்கும் பணம் ஒரே பணமாகவே தோன்றும். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டார் யாவரும் கூடி, எழுதியதையும் ஒதுக்கியதையும் ஒப்புநோக்குதல் மூன்றாவது. அக்கூட்டத்திலே எவரையும் குற்றஞ்சாட்டுதலாகாது. ஒரு செலவு மூன்று மாதம் தொடர்ந்து எல்லையை மீறுமாயின், பிழை செலவழித்தவரிடத்தன்று. ஒதுக்கிய தொகையிலே இருக்கின்றது. அதைத் திருத்துக.

விலை மாறும்போதும் திட்டத்தைத் திருத்துதல் வேண்டும். 2023 ஜூலையிலே விலையேற்ற வீதம் நூற்றுக்கு 6.3 ஆகக் குறைந்தபோது, விலைகள் குறைந்துவிட்டன என மகிழ்ந்தோர் பலர். குறைந்தது ஏறும் வேகமேயன்றி, ஏறிய விலையன்று. நெருக்கடிக்கு முந்திய தொகைகளை மனத்திற் கொண்டு பங்கிடுவோர் இன்றும் மாத நடுவிலே திகைத்து நிற்பர்.

பிள்ளைகளையும் இக்கூட்டத்தில் அமர்த்துக. வீட்டு வறுமை அவர்க்குத் தெரியலாகாது என்று மறைக்கும் பெற்றோர் உளர். மறைத்தாலும் பிள்ளைகள் அறிவர். காரணம் அறியாது அஞ்சுவர். எமது வீட்டிலே, முதற் கூட்டத்தின்போது பத்து வயதாயிருந்த இளைய மகனே இப்போது அரிசியின் கிலோக் கணக்கை எழுதுகின்றான். ஒவ்வொரு மாதமும் அவன் முதலிற் படிப்பது அந்த வரியையே. சென்ற தீபாவளிக்கு ஒதுக்கியதில் 2,000 ரூபா மிஞ்சியபோது, அதனை என்ன செய்வதென்று அவனைக் கேட்டோம். சிறிது யோசித்து, தன் வகுப்பில் சப்பாத்து இன்றி வரும் ஒருவனுக்குக் கொடுக்கலாம் என்றான். பாதீட்டுக்குப் பின் உண்டாட்டும், உண்டாட்டுக்குப் பின் கொடையும் வரும் என்று அவனுக்கு எவரும் கற்பித்ததில்லை.